கலங்குகிற மனம் எதற்காகக் காத்திருக்கிறது?

கவலைப்படுகிறவர்கள் எதிர்பார்ப்பை இழந்தவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நீண்ட காலமாக மனப்பதற்றத்தோடு வாழ்ந்துவருகிற எனக்கு, உண்மை அதற்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. கவலையில் இருப்பவரைப்போல ஓயாமல் எதிர்பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் கெட்ட செய்தியை எதிர்பார்க்கிறார். வீடு திரும்ப வேண்டியவர் அரைமணி நேரம் தாமதித்தால் விபத்தை எதிர்பார்க்கிறார். மேலதிகாரி "கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்" என்றால் வேலை போய்விட்டதென்றே முடிவு கட்டிவிடுகிறார். இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகவே எண்ணி, அதற்குரிய துக்கத்தையும் முன்கூட்டியே அனுபவித்துத் தீர்க்கிறது அந்த மனம். நினைத்தது நடக்காமலே போனாலும், பட்ட பாடு பட்டதுதான்.

அதனால், "எதையும் எதிர்பார்க்காதே, நிம்மதியாக இருப்பாய்" என்ற அறிவுரை எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. உயிரோடிருக்கிற மனம் நாளையைப் பற்றி ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டேதான் இருக்கும். கிறிஸ்தவ விசுவாசம் என்னிடம் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடும்படி சொல்லவில்லை. நீ யாரை நோக்கிக் காத்திருக்கிறாய் என்று கேட்டது. எனக்குள் மெதுவாக நடந்த மாற்றம் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

முதலில் உடம்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதற்றத்தை வெறும் எண்ணக் கோளாறு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைவாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிறு இறுகுகிறது, கைகால் சில்லிட்டுப் போகிறது. எதிரே நிற்பது உண்மையான ஆபத்தா, மனம் வரைந்துகொண்ட ஆபத்தா என்ற வேறுபாட்டை உடம்பு பார்ப்பதில்லை. இரவில் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது தலையணையில் அழுந்திய காதுக்குள் என் இதயத்துடிப்பே ஓங்கிக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் கூடும். இந்தச் சுழலில் மாட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30.1 கோடிப் பேர். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறு இதுவே. இத்தனை கோடிப் பேரில் விசுவாசிகளும் இருக்கிறார்கள், ஊழியர்களும் இருக்கிறார்கள், ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்து பாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் சபைக்குள் இதை வாய்விட்டுச் சொல்வது எளிதல்ல. நான் சொன்னபோது எனக்குக் கிடைத்த முதல் பதில், "விசுவாசம் குறைவாக இருக்கிறது, அதனால்தான்" என்பது. சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கூடவே, பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தையும் எடுத்துக் காட்டினார்: "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." அன்றைக்கு அந்த வசனம் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை, ஒரு குற்றச்சாட்டாகவே இருந்தது. கவலைப்படாதே என்று கட்டளை இருக்கிறது, நானோ கவலைப்படுகிறேன், ஆகவே நான் கீழ்ப்படியாதவன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, இருந்த கவலையோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்தேன்.

பிற்பாடு, அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்காமல், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய அந்த நிருபம், அதாவது கடிதம், முழுவதையும் ஒரே அமர்வில் வாசித்தேன். நான்கே அதிகாரங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அப்படி வாசிக்கிறவர்களுக்கு, "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய கை எப்படிப்பட்டது என்பது தெரியவரும். பவுல் அப்போது விலங்கிடப்பட்டுக் காவலில் இருக்கிறார். தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது. "ஜீவனாலாகிலும், சாவினாலாகிலும்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்கிற உடன்வேலையாள் சாகும் தறுவாயில் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார்; "என் துக்கம் குறையவும்" அவனை அதிசீக்கிரமாய் அனுப்பினேன் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்திலோ, எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். கவலை என்றால் என்னவென்று அறியாத ஒருவர், அறிந்தவர்களுக்கு இட்ட உத்தரவு அல்ல அது. நெருக்கப்படுகிற ஒருவர், தான் அந்த நெருக்கத்தை எங்கே கொண்டுபோகிறார் என்பதைத் தன் பிரியமானவர்களுக்குச் சொல்கிறார். அந்த வசனத்தின் எடை "கவலைப்படாமல்" என்பதில் முடிந்துவிடுவதில்லை. "தெரியப்படுத்துங்கள்" என்பதில்தான் வந்து நிற்கிறது. அதற்கு அடுத்த வசனம் தரும் வாக்குத்தத்தத்தையும் கவனிக்க வேண்டும். கேட்டது கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்த வேறுபாடு எனக்கு ஏட்டறிவாக இருந்துவிட்டுப் போயிருக்கும், அம்மாவுக்குப் பயாப்சி எடுக்காமல் இருந்திருந்தால். முடிவு வர ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் அன்போடு சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "ஒன்றும் இருக்காது, நல்லபடியாகத்தான் வரும், அப்படியே விசுவாசி." நானும் முயன்றேன். ஆனால் அறிக்கை நல்லபடியாக வரும் என்று மனதை வலிந்து நம்பவைக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சியே பதற்றத்தைக் கூட்டியது. நம்பிக்கை ஒரு தாளில் அச்சாகப்போகும் சில வரிகளின்மேல் நிற்கும்போது, ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தாளைப் பற்றிய எண்ணமாகத்தான் இருக்கும். கைப்பேசியை எடுத்து ஆய்வகத்திலிருந்து ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, வைப்பது, மறுபடியும் எடுப்பது. ஜெபம்கூட அந்த நாட்களில் பேரம் பேசுவதுபோல ஆகியிருந்தது.

அப்போதுதான் வாசிப்பு ஒழுங்கின்படி சங்கீதம் 130 வந்தது. "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது." சங்கீதக்காரன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அந்த வசனத்தில் தேடிப் பார்த்தேன். குணமாவதற்கு என்று இல்லை, விடுதலைக்கு என்றுகூட அந்த இடத்தில் இல்லை. ஆண்டவருக்கு என்று இருக்கிறது. முடிவு எதுவாக இருந்தாலும் அந்த முடிவு வரும் நாளில் அவர் அங்கே இருப்பார் என்பதை எதிர்பார்க்கும்படி அந்தச் சங்கீதம் என்னை அழைத்தது. அம்மா சுகமாக வேண்டும் என்று அதன்பிறகும் கேட்டேன், கண்ணீரோடுதான் கேட்டேன். ஆனால் என் எதிர்பார்ப்பின் முழுப் பாரமும் அந்த அறிக்கையின்மேல் இருந்து சற்று நகர்ந்து அவர்மேல் சாய்ந்தது. கைப்பேசியை எடுக்கும் கை அன்றைக்கே நின்றுவிடவில்லை. ஆனால் எடுக்கும்போது மூச்சு அடைப்பது குறைந்தது.

அறிக்கை நல்லபடியாக வரவில்லை. சிகிச்சை நீண்டது, இப்போதும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைச் சாட்சியாகச் சொல்லும்போது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அற்புதம் நடந்தது என்று முடிந்திருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். எனக்கோ, அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய நாளில் நான் உடைந்துபோகாமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் நிதானமாகக் கேட்க முடிந்ததே, எல்லாப் புத்திக்கும் மேலான சமாதானம் என்று பவுல் எழுதியதற்கு நான் கண்ட அர்த்தம். என் சுபாவத்தை அறிந்தவர்கள் அது என்னால் ஆனதல்ல என்று ஒப்புக்கொள்வார்கள்.

நல்லதே நடக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொள்வதையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் ஒன்றாகப் பேசுகிற பழக்கம் நம் நடுவில் பெருகியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. முன்னது ஒரு குறிப்பிட்ட விளைவை எதிர்பார்க்கிறது. அந்த விளைவு வராவிட்டால் அதற்கு வேறு கதி இல்லை. பின்னதை, தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்னும் மூவரும், தன் சிலையை வணங்காவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்ற ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன பதிலில் காணலாம். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், "விடுவியாமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். இந்தச் சொல்லைச் சொல்கிறவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நின்ற இடம் எரிகிற அக்கினிச் சூளையின் முன்னால் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். எபிரெயர் நிருபம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. நங்கூரம் அலையை அடக்குவதில்லை, கப்பல் ஆடுவதையும் அது முற்றிலும் நிறுத்துவதில்லை. ஆடினாலும் அடித்துக்கொண்டு போகாதபடி, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் நாஜி அரசால் கைதாகி, பெர்லினில் உள்ள டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், சிறையறையின் வாழ்க்கையைக் கிறிஸ்துவின் வருகையை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார்: காத்திருக்கலாம், நம்பலாம், சின்னச்சின்ன வேலைகளைச் செய்யலாம்; கதவோ வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். அவருக்கு விடுதலை வரவில்லை. 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அந்த முடிவைத் தெரிந்துகொண்டு திரும்பிவந்து கடிதத்தை எண்ணிப் பார்க்கும்போதும், அதில் சொல்லப்பட்ட காத்திருப்பு வீணாகவில்லை என்றே எனக்குப் படுகிறது. அவர் காத்திருந்தது சிறைக்கதவு திறப்பதற்காக மட்டும் இருந்திருந்தால் நான் அப்படிச் சொல்ல முடியாது.

நம்பிக்கை வந்துவிட்டால் கலக்கம் அதோடு தீர்ந்துவிடும் என்பதும் வேதம் சொல்லும் செய்தியாக எனக்குத் தெரியவில்லை. சங்கீதம் 42-இல் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு" என்று ஐந்தாம் வசனத்தில் தன் ஆத்துமாவைத் தேற்றியவன், அடுத்த வசனத்திலேயே "என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது" என்கிறான். பதினோராம் வசனத்தில் அதே வார்த்தைகளால் மறுபடியும் தேற்றுகிறான். அதோடும் தீரவில்லை, அடுத்த சங்கீதத்தின் கடைசி வசனத்தில் மூன்றாம் முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புலம்பல் புத்தகமும் அப்படித்தான். "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வசனத்தை நாம் சுவர் நாட்காட்டிகளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம், அது ஐந்து அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பின்னும் இரண்டு அதிகாரங்களுக்கு அழுகை தொடர்கிறது. இடிந்துகிடந்த எருசலேமை முன்னால் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட புத்தகம் வேறு எப்படி இருக்க முடியும்? நேற்று ஜெபித்துச் சமாதானம் அடைந்தேன், இன்று காலை மறுபடியும் அதே பயத்தோடு விழித்தேன் என்று எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் இந்த இரண்டு இடங்களைத்தான் காட்டுகிறேன்.

நடைமுறையில் நான் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் காரியத்துக்குப் பயப்படுகிறேன் என்பதை ஒரு குறிப்பேட்டில் முழு வாக்கியமாக எழுதுகிறேன். "கவலையாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதுவதில்லை. "செவ்வாய்க்கிழமை எடுக்கும் ஸ்கேனில் புதிதாக ஏதாவது தெரியுமோ என்று பயப்படுகிறேன்" என்று எழுதுகிறேன். உருவமில்லாத பயத்தைத் தேவனிடம் ஒப்படைப்பது கடினம். அதற்கு ஒரு பெயரும் நாளும் கிடைத்துவிட்டால் ஜெபத்தில் எடுத்துச் சொல்ல முடிகிறது. அதன் கீழே, அந்த நாளில் தேவன் எனக்கு யாராக இருப்பார் என்று எதிர்பார்க்கிறேன் என்பதை வேதவசனம் ஒன்றைக் கொண்டு எழுதுகிறேன். சங்கீதம் ஐந்தின் மூன்றாம் வசனம், "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்" என்கிறதே, அந்த ஒழுங்குதான் இது. சொல்லிவிட்டுப் போய்விடுவதோடு ஜெபம் முடிந்துவிடுவதாக நான் முன்பு எண்ணியிருந்தேன். சொன்னபின் எதிர்நோக்கியிருப்பதும் ஜெபத்தின் பாகம் என்று அந்த வசனம் கற்றுக்கொடுத்தது.

இரவில் பதற்றம் வந்து எழுந்து உட்காரும்போது நீண்ட ஜெபம் எனக்கு வருவதில்லை. அப்போது சங்கீதம் 94-இன் பத்தொன்பதாம் வசனத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்கிறேன். "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்று மூச்சை உள்ளே இழுத்து, "உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது" என்று மிக மெதுவாக வெளியே விடுகிறேன். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணிகிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. உடம்பை அப்படிப் படைத்தவரும், அந்த வசனத்தைத் தந்தவரும் ஒருவரே என்பதால், இதில் எவ்வளவு மூச்சு, எவ்வளவு வசனம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனநல மருத்துவரிடம் போனால் விசுவாசத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் 1 இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். ராணி யேசபேலின் கொலை மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடிய தீர்க்கதரிசி எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான், தூதன் இரண்டாம் முறையும் வந்து உணவு கொடுத்தான். தேவன் அவனிடம் கேட்ட கேள்வியும், அவன் கேட்ட மெல்லிய சத்தமும் அதற்கப்புறம் வந்தவை. பெரும்பாலான நாட்களில் கட்டுப்படுத்த முடியாத கவலை மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் உறவுகளையும் கெடுக்கும் அளவுக்குப் போகிறது என்றால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. கவலைக்குள் சுழலும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் ஆலோசனைச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள மருந்துகள் இருக்கின்றன. நான் ஆலோசகரிடம் போயிருக்கிறேன். அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். மறைக்க வேண்டிய காரியமாக அதை நினைக்கவில்லை. உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுகிறவர்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலியாவும் அந்த இடம்வரை போனவன்தான், தேவன் அவனை அங்கிருந்து எழுப்பினார்.

பவுலின் வாழ்க்கையில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. மக்கெதோனியாவுக்கு வந்தபோது தங்கள் சரீரத்துக்கு இளைப்பாறுதலே இல்லை, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று 2 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதை அடுத்து, சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன், தன் உடன்வேலையாளாகிய தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார் என்கிறார். தேவன் செய்த ஆறுதல் ஒரு மனிதன் வந்து சேர்ந்த வடிவில் இருந்தது. எனக்கு அப்படி வந்தவர் எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர். அக்கா என்றுதான் அழைப்பேன். அம்மாவின் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய மாலை அவரிடமிருந்து அழைப்பு வரும். "பயப்படாதே" என்று அவர் சொல்வதில்லை. "இந்த முறை எதை நினைத்துப் பயப்படுகிறாய், சொல்லு" என்பார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். பிறகு நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு, மறுநாள் மாலை கட்டாயம் கூப்பிடச் சொல்வார், முடிவு எப்படி இருந்தாலும். சபையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கும் இதே பதற்றம் இருப்பது சென்ற மாதம் தெரியவந்தது. அவனுக்கு நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை. புதன்கிழமை மாலை நான் அவனைக் கூப்பிட வேண்டும்.